முயற்சியும் முடிவும்: யூத மரபு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வு எழுதியாயிற்று, முடிவு வரவில்லை. ரத்தம் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் வரவில்லை. விதைத்தாயிற்று, மழை வரவில்லை. இந்த நடுப்பொழுதில் மனிதன் என்ன செய்ய வேண்டும் என்று யூத அறிஞர்கள் 2000 ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். ஒரே விடைக்கு வந்துவிடவும் இல்லை. நான் யூதன் அல்ல. தல்மூதை மொழிபெயர்ப்பில் வருடக்கணக்காகப் படித்து வருபவன், அவ்வளவுதான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பும், அதன்மேல் அடுத்த சில நூற்றாண்டுகள் நடந்த விவாதங்களும் சேர்ந்ததுதான் தல்மூத். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஹிஷ்தத்லூத், பித்தாஹோன் என்கிறார்களே, அவை என்ன?

இரண்டும் எபிரேயச் சொற்கள். ஹிஷ்தத்லூத் என்றால் பாடுபடுவது. கடை திறப்பது, மருந்து சாப்பிடுவது, பெண்ணுக்கு வரன் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். பித்தாஹோன் என்றால் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு மனம் அலைபாயாமல் இருப்பது. இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதுதான் மொத்த வழக்கும்.

முதல் சொல்லின் உறவினர் ஒருவர் உண்டு: ஷ்தத்லான். ஐரோப்பாவில் ராஜாவிடமும் பிரபுக்களிடமும் தன் சமூகத்துக்காகப் போய் நின்று, பேசி, கெஞ்சி, தேவைப்பட்டால் பணமும் கொடுத்துக் காரியம் பார்த்தவர். அவர் வேலை கேட்பதோடு சரி, முடிவெடுப்பது ராஜா. இந்தப் படம் மனதில் இருந்தால் ஹிஷ்தத்லூத் பாதி புரிந்த மாதிரி. இரண்டாவது சொல் இன்றைய எபிரேயத்தில் ‘பாதுகாப்பு’ என்ற பொருளிலும் வழங்குகிறது. இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயரிலேயே பித்தாஹோன் இருக்கிறது. கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கைக்கும் டாங்கிப் படைக்கும் ஒரே சொல்!

மிஷ்னாவின் ஆறு பகுதிகளில் முதலாவதன் பெயர் ‘விதைகள்’. பெரும்பாலும் விவசாயச் சட்டங்கள். தல்மூத் அதற்கு ‘நம்பிக்கை’ என்று இன்னொரு பெயரும் தருகிறது. ஏன் என்று இடைக்கால உரைகாரர்கள் விளக்கினார்கள்: கடவுளை நம்புகிறவன்தான் விதைப்பான். யோசித்தால் சரிதான். குதிரில் இருக்கும் தானியத்தை உலையில் போடாமல் சேற்றில் வீசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்த ஒரு வீச்சில் உழைப்பும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. பிரித்துக் காட்ட முடியாது.

எல்லாம் கடவுள் கையில் என்றால் எதற்கு உழைக்க வேண்டும்?

வானத்திலிருந்து சோறு விழுந்த காலத்திலேயே உழைப்பு இருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். வேதத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம்: பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா இறங்குகிறது. ஆனால் வாயில் வந்து விழவில்லை. விடியற்காலையில் எழுந்து, வெளியே போய், தலைக்கு ஓர் ஓமர் அளவு பொறுக்கி வர வேண்டும். வெயில் ஏறினால் உருகிவிடும். தூங்கியவனுக்குக் கிடையாது. பேராசைப்பட்டு நிறையப் பொறுக்கியவன் வீட்டுக்கு வந்து அளந்தால் அதே ஓர் ஓமர். குறைவாகப் பொறுக்கியவனுக்கும் அதே ஓர் ஓமர். நாளைக்கு இருக்கட்டும் என்று மிச்சம் வைத்தால் புழு வைத்து நாறிவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பு, ஏனென்றால் சனிக்கிழமை ஷப்பாத், ஓய்வுநாள். இன்றும் வெள்ளி இரவு யூத வீடுகளில் மேசைமேல் ‘ஹல்லா’ என்ற பின்னல் ரொட்டி இரண்டு இருக்கும், மேலே ஒரு துணி மூடியிருக்கும். இரண்டு ரொட்டி அந்த இரட்டைப் பங்கு. துணி, மன்னாவுக்கு மேலும் கீழும் படர்ந்த பனி.

ஆக, போகாதவனுக்கு ஒன்றுமில்லை, அதிகம் ஓடியவனுக்கு அதிகமும் இல்லை. ஹிஷ்தத்லூத் பற்றிப் பின்னால் எழுதப்பட்டதெல்லாம் இதற்கு உரைதான் என்று எனக்குத் தோன்றும்.

தல்மூதில் ஒரு கேள்வி வருகிறது. மன்னாவை வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்திருக்கலாமே, ஏன் தினமும்? பதில் ஒரு கதை. ஒரு ராஜா தன் மகனுக்கு வருடச் சாப்பாட்டுக்கு ஆவதை ஒரே நாளில் கொடுத்துவந்தார். மகன் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பாவைப் பார்க்க வந்தான். ராஜா தினப்படிக்கு மாற்றினார். மகன் தினமும் வந்தான். நாலைந்து பிள்ளை பெற்றவன் நாளைக்கு மன்னா விழாவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையிலேயே தினமும் வானத்தைப் பார்ப்பான் என்கிறது தல்மூத். நிச்சயமின்மையை இங்கே யாரும் கோளாறாகப் பார்க்கவில்லை. உறவை அறுந்துபோகாமல் வைத்திருக்கும் கயிறு அது.

18ஆம் நூற்றாண்டில் மோஷே ஹயீம் லுஸ்ஸாட்டோ என்ற அறிஞர் வேறு மாதிரி சொன்னார். 1740இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய நூலில், உழைப்பு மனிதகுலத்தின்மேல் விதிக்கப்பட்ட ஒரு வரி மாதிரி என்கிறார். ‘நெற்றி வியர்வை சிந்தி உண்பாய்’ என்று ஆதாமுக்குச் சொன்னது சட்டம், அதனால் கட்டித்தான் ஆக வேண்டும். வரி கட்டியதால்தான் சோறு வந்தது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே என்பது அவர் கட்சி. கொஞ்சம் கறாரான வாதம். மன்னாவுக்கு இருக்கும் ஈரம் இதில் இல்லை.

சரி, எவ்வளவு உழைத்தால் போதும்?

இங்கேதான் சண்டை. 2ஆம் நூற்றாண்டில் இரண்டு ரப்பிகள், அதாவது யூத மத ஆசான்கள். ‘உன் தானியத்தைச் சேர்ப்பாய்’ என்று வேதத்தில் இருப்பதால் எல்லாரையும்போல உழுது பிழை, படிப்பையும் விடாதே என்றார் ரப்பி இஸ்மவேல். ரப்பி ஷிமோன் பார் யோஹாய் கொதித்தார். உழும் காலத்தில் உழுது, விதைக்கும் காலத்தில் விதைத்து, அறுப்புக் காலத்தில் அறுத்து, காற்று வந்தால் தூற்றப் போய்விட்டால் தோராவை, அதாவது வேதத்தை, எப்போது படிப்பது? கடவுள் சித்தத்தைச் செய், உன் வேலையை மற்றவர்கள் செய்வார்கள்.

யார் சரி? தல்மூத் தத்துவம் பேசவில்லை, கணக்குப் பார்க்கிறது. அபாயே என்ற அறிஞர் சொன்னார்: இஸ்மவேல் சொன்னபடி பலர் செய்தார்கள், தேறியது. ஷிமோன் சொன்னபடி பலர் செய்தார்கள், தேறவில்லை. அடுத்த வரியில் ரவா என்ற இன்னோர் அறிஞர் தன் மாணவர்களிடம், நிசான், திஷ்ரி மாதங்களில் என் கண்முன் வராதீர்கள் என்கிறார். அறுவடையும் ஆலை வேலையும் நடக்கும் மாதங்கள். வயலைப் பார்த்துவிட்டு வாருங்கள், வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம் என்ற அக்கறை.

அதே ஷிமோன்தான் ரோமர்களுக்குத் தப்பி மகனோடு 12 வருடம் குகையில் இருந்தவர். ஒரு கரோப் மரம் (இனிப்பான காய் காய்க்கும்), ஒரு நீரூற்று, வேறொன்றுமில்லை. வெளியே வந்ததும் உழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார்: நித்தியத்தை விட்டுவிட்டு அற்பத்துக்கு அலைகிறார்களே! அவர் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. வானத்திலிருந்து குரல் வந்தது: ‘என் உலகத்தை அழிக்கவா வெளியே வந்தீர்கள்? குகைக்கே திரும்பிப் போங்கள்.’ இன்னும் 12 மாதம் உள்ளே. உழைக்கிறவனை இகழ்ந்த குற்றத்துக்குச் சிறைவாசத்தை நீட்டித்தது கடவுள்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஷிமோனின் குரல் அடங்கிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யோசெஃப் யோஸல் ஹோர்விட்ஸ், இன்றைய பெலாரூஸில் உள்ள நவரூடோக் என்ற ஊர்ப் பெயரோடு சேர்த்து அறியப்படுபவர், வியாபாரத்தை விட்டுவிட்டுத் தனிமையில் போய் இருந்தார். ஹிஷ்தத்லூத் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது அவர் பள்ளி. மறுபக்கம், படிப்பைக் காரணம் காட்டி வேலை செய்யாமல் தர்மப் பணத்தில் வாழ்பவன் கடவுளின் பெயரையே கெடுக்கிறான் என்று மைமோனிடிஸ் சட்ட நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார். இவர் எகிப்தில் வாழ்ந்து 1204இல் இறந்த பெரிய சட்ட அறிஞர், வைத்தியர். அவர் கடைசியில் மறுபடி வருவார்.

மக்கள் பேச்சில் இது லாட்டரிச் சீட்டு வரை வந்துவிட்டது. ஒரு சீட்டு வாங்கினால் ஹிஷ்தத்லூத், பத்து வாங்கினால் நம்பிக்கைக் குறைவு என்பார்கள். கடவுள் தர நினைத்தால் அவருக்கு ஒரு சீட்டு போதாதா?

உழைப்பால் வந்தது எவ்வளவு, அருளால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

அலெக்ஸாண்ட்ரியாக்காரர்கள் ரப்பி யெஹோஷுவா பென் ஹனனியாவிடம் கேட்டார்கள்: பணக்காரனாக என்ன செய்ய வேண்டும்? ‘நிறைய வியாபாரம் செய், நாணயமாக நட.’ அவர்கள் விடவில்லை: அப்படிச் செய்தும் பலருக்கு ஒன்றும் ஆகவில்லையே? ‘அப்படியென்றால் செல்வத்துக்கு உடையவரிடம் கேள்.’ பிரார்த்தனைதான் விடை என்றால் முதலில் வியாபாரத்தைச் சொன்னது எதற்கு என்று தல்மூத் தானே கேட்டுக்கொண்டு, ஒன்றில்லாமல் மற்றொன்று போதாது என்று முடிக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய கட்டிலில் யார் எத்தனை கிலோ தூக்கினார்கள் என்று எப்படிச் சொல்வது?

நம்பிக்கை வைத்தால் நல்லதே நடக்கும் என்பதுதானே பித்தாஹோன்?

இல்லை என்று அடித்துச் சொன்னவர் ஹஸோன் இஷ் என்று அழைக்கப்பட்ட அவ்ராஹாம் யெஷாயா கரேலிட்ஸ் (1878–1953). பெலாரூஸ் பக்கம் பிறந்து, 1933இல் பாலஸ்தீனத்துக்கு வந்து, பினேய் ப்ராக்கில் வாழ்ந்தவர். அவர் இறந்தபின் வெளிவந்த சிறு நூலில் இதை வேரூன்றிப்போன பழைய தவறு என்கிறார். எப்படியும் ‘நல்லதுதான் நடக்கும்’ என்று நம்பியாக வேண்டும், இல்லையென்றால் நம்பிக்கை இல்லாதவன் என்று நினைக்கிறோம். எதிர்காலம் தீர்க்கதரிசனமாக அறிவிக்கப்படாதவரை அது நமக்குத் தெரியாது, தெரியாததை நம்பச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தற்செயலாக எதுவும் நடப்பதில்லை, எல்லாம் அவர் அறிந்தே நடக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் பித்தாஹோன்.

எதிர்க்கட்சியும் பலமானதே. லுபாவிட்ச் ஹசிதியர்கள் என்ற பக்தி இயக்கத்தாரிடம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் ஒரு வாக்கு உண்டு: ‘த்ராஹ்ட் கூட், வெட் ஸைன் கூட்’. நல்லது நினை, நல்லது ஆகும். அந்த மரபின் மூன்றாம் குரு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வந்து நின்ற ஒருவரிடம் இதைச் சொன்னதாகப் பேச்சு. ஏழாம் குருவான மெனஹெம் மெண்டல் ஷ்னீர்ஸன் (1902–1994) இதை விரித்து, அப்படி நம்புவதே நன்மையை இழுத்துவரும் ஒரு செயல், அதுவே ஓர் உழைப்பு என்றார்.

நான் எந்தப் பக்கம்? ஹஸோன் இஷ் பக்கம். காரணம் சாதாரணமானது. பிழைக்காமல் போன பிள்ளையின் அப்பாவிடம், நீ சரியாக நினைக்கவில்லை என்று மறைமுகமாகக்கூடச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் உடம்பு முடியாத குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும் அந்த ராத்திரியில் எந்த வாக்கு கைகொடுக்கும் என்று கேட்டால், என்னிடம் அவ்வளவு உறுதி இல்லை.

டாக்டரிடம் போவதும் இன்ஷூரன்ஸ் எடுப்பதும் நம்பிக்கைக் குறைவா?

அடிபட்டவனை ‘குணமாக்கவே குணமாக்க வேண்டும்’ என்று யாத்திராகமம் சொல்வதிலிருந்து, வைத்தியனுக்குக் குணமாக்க அனுமதி உண்டு என்று தல்மூத் எடுத்துக்கொண்டது. அனுமதி என்று தொடங்கியது பின்னாளின் சட்ட நூல்களில் கடமையாகவே ஆகிவிட்டது. எசேக்கியா ராஜா ஒரு மருத்துவ நூலை மறைத்துவைத்தார் என்று பழைய குறிப்பு ஒன்று உண்டு. மக்கள் கடவுளை விட்டு மருந்தை நம்பியதால் மறைத்தார் என்று சிலர் விளக்கினார்கள். மைமோனிடிஸுக்கு அதைக் கேட்டதும் எரிச்சல். பசித்தவன் ரொட்டி சாப்பிட்டால் பசி என்ற நோய் தீர்கிறது, அவன் கடவுளை நம்பாதவனா? சாப்பிடும்போது நன்றி சொல்வதுபோல மருந்து சாப்பிடும்போதும் சொல்லிவிட்டுப் போ என்கிறார்.

இன்ஷூரன்ஸ் கேள்வி 20ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைனிடம் (1895–1986) வந்தது. ஆயுள் காப்பீடு எடுப்பது பித்தாஹோனுக்கு விரோதமில்லை, மற்ற வியாபாரம் மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடுதான் என்று தீர்ப்பு. அற்புதத்தை எதிர்பார்த்து உட்காரக் கூடாது என்பது அதற்கு அடியில் ஓடும் விதி.

அற்புதமே நடக்கக்கூடிய இடத்தில்கூட உட்காரக் கூடாதா?

எருசலேம் ஆலயத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. பஸ்கா பலிக்கு ஜனங்கள் மூன்று கூட்டமாக உள்ளே போவார்கள், முற்றம் நிரம்பியதும் கதவு மூடும். கதவு தானாக மூடியது என்றார் அபாயே. இல்லை, ஆட்கள்தான் மூடினார்கள் என்றார் ரவா. சட்டம் ரவா பக்கம் சாய்ந்தது. கடவுளின் வீடாக இருந்தாலும் கதவைச் சாத்த ஆள் வேண்டும்.

எதைக் கேட்டுப் பிரார்த்திக்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

எனக்கு இந்தப் பகுதி முழுவதிலும் மிகவும் பிடித்தது இது. மிஷ்னா சொல்கிறது: நடந்து முடிந்ததற்காக அழுது கேட்பது வீண் பிரார்த்தனை. ஊருக்குத் திரும்பி வருகிறவன் தூரத்தில் அலறல் கேட்கிறான். ‘இது என் வீட்டில் இருக்கக் கூடாது கடவுளே’ என்கிறான். வீண். அலறல் ஏற்கெனவே யாரோ ஒருவர் வீட்டில் எழுந்துவிட்டது.

முதலில் படித்தபோது இது கல்நெஞ்சு என்று நினைத்தேன். அந்த வேண்டுதலின் அர்த்தம் ‘வேறு யார் வீட்டிலாவது இருக்கட்டும்’ என்பது என் மண்டையில் ஏற நாள் பிடித்தது.

இன்னொரு காட்சி களத்தில். தானியத்தை அளக்கப் போகிறவன், ‘எங்கள் கைவேலையை ஆசீர்வதியும்’ என்று வேண்டுகிறான். சரி. அளக்கத் தொடங்கியபின், ‘இந்தக் குவியலுக்கு ஆசி அனுப்புகிறவர் துதிக்கப்படுவாராக’ என்கிறான். அதுவும் சரி. அளந்து முடித்து எத்தனை மரக்கால் என்று தெரிந்தபின் வேண்டினால் வீண். எண்ணியதில், எடைபோட்டதில், அளந்ததில் ஆசி தங்காது, கண்ணுக்கு மறைந்ததில்தான் தங்கும் என்கிறது தல்மூத். அளவு தெரியும்வரை கேள், தெரிந்தபின் அதை வைத்துக்கொண்டு பிழைக்கப் பார். எனக்கு வேண்டியவர் ஒருவருக்கு பயாப்ஸி எடுத்து, ரிப்போர்ட்டை ஒட்டிய உறையில் கையில் கொடுத்தார்கள். பிரிக்கும் முன் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருப்பது அச்சாகிவிட்டது. ‘எதுவாக இருந்தாலும் தாங்க வேண்டும்’ என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மழைக்கு வேண்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூடாரப் பண்டிகை முடிந்ததும் இஸ்ரேலில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஆனால் மழை தா என்ற வரியை உடனே சேர்க்க மாட்டார்கள், மர்ஹெஷ்வான் மாதம் 7ஆம் நாள் வரை 15 நாள் பொறுப்பார்கள். பண்டிகைக்கு எருசலேம் வந்த கடைசி ஆள் யூஃப்ரடீஸ் நதிக்கரை போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகும். உனக்குப் பயிருக்கு மழை வேண்டும், அவன் வழியில் நனையக் கூடாது. ஆலயம் இடிந்து 1900 வருடத்துக்கு மேல் ஆகிறது. நடந்து திரும்பும் யாத்திரிகர் யாரும் இல்லை. இன்றும் அந்த 15 நாள் காத்திருக்கிறார்கள்.

‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்பதும் இதுவும் ஒன்றுதானே?

பக்கத்தில் வரும், ஒன்றாகிவிடாது. யூத மரபில் பலனை எதிர்பார்க்கலாம், ஆசைப்படலாம், கெஞ்சலாம். வார நாட்களில் மூன்று வேளையும் சொல்லும் நின்ற நிலைப் பிரார்த்தனையில் நோய் தீரவும், அந்த ஆண்டின் விளைச்சல் நன்றாக இருக்கவும் தனித்தனியாகவே வேண்டுதல்கள் இருக்கின்றன. பற்றை அறுப்பது இங்கே லட்சியம் அல்ல. ஆசையோடு உழைத்து, ஆசையோடு கேட்டு, கிடைக்காவிட்டால் அழுதுகொள்ளலாம். கிடைத்தாக வேண்டும் என்று சட்டம் பேசக் கூடாது, அதுதான் எல்லை. இன்னும் நெருங்கி வருவது, நம்ம ஊர் முஸ்லிம்கள் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பது. யூதர்கள் அதே இடத்தில் ‘இம் யிர்த்ஸே ஹஷேம்’ என்பார்கள். கடவுள் விரும்பினால். அப்புறம் ‘பிலி நேதேர்’ என்று ஒன்று: சத்தியம் பண்ணவில்லை, முயற்சி பண்ணுகிறேன். சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணுகிறேன், பிலி நேதேர்.

எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட வேண்டுமா?

அப்படிச் சொன்ன பெரியவர் உண்டு. எது நடந்தாலும் ‘கம் ஸு லெதோவா’, இதுவும் நன்மைக்கே, என்பார் நாஹும். பெயரே அதுவாகிவிட்டது. ஆனால் துக்கச் செய்தி கேட்டவன் சொல்ல வேண்டியதாகச் சட்டம் வைத்திருப்பது வேறு வரி: ‘உண்மையான நீதிபதி துதிக்கப்படுவாராக’. தீர்ப்பை ஏற்கிறான், அது இனிக்கிறது என்று பொய் சொல்லவில்லை. துணியையும் கிழித்துக்கொள்கிறான்.

முடியவே முடியாது என்று தெரிந்த வேலையை என்ன செய்வது?

ரப்பி தர்ஃபோன் சொன்னது யூதர்களிடையே பழமொழி மாதிரி ஆகிவிட்டது: வேலையை முடிப்பது உன் பொறுப்பு இல்லை, அதை விட்டுவிட்டுப் போகவும் உனக்கு உரிமை இல்லை. இதற்கு முன் வரி அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை. பொழுது குறைவு, வேலை அதிகம், ஆட்கள் சோம்பேறிகள், கூலி நிறைய, வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார். நிலம் வைத்து ஆள் வைத்து வேலை வாங்கியவரின் அலுப்பு அதில் தெரிகிறது.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்ஸா கெட்டோ ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளும் ஒரு ரகசியக் குழு வைத்து, ரேஷன் அட்டை, டைரி, சுவரொட்டி, பள்ளிக் கட்டுரை என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓனெக் ஷப்பாத்’, ஓய்வுநாள் இன்பம், என்று பெயர். யாராவது தோண்டி எடுப்பார்களா, படிக்க ஆள் மிஞ்சுமா என்று தெரியாமலேயே மண்ணில் புதைத்தார்கள். முதல் தொகுதி, பத்து உலோகப் பெட்டிகள், 1946இல் இடிபாட்டுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு பால் கேன்களில் இருந்த இரண்டாவது 1950 டிசம்பரில். மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கல்ப்ளும் 1944இல் கொல்லப்பட்டார், ஒன்றுகூட வெளியே வந்ததை அவர் பார்க்கவில்லை.

நம்பி, உழைத்து, பிரார்த்தித்து, அப்புறமும் கைவிடப்பட்டால்?

இதற்குத் தத்துவ விடை என்னிடம் இல்லை. ஒரு கடிதம் இருக்கிறது.

1170 வாக்கு. மைமோனிடிஸின் தம்பி தாவீது வியாபாரி. நைல் நதிக்கரை ஊரான கூஸிலிருந்து பாலைவனம் தாண்டி, செங்கடல் துறைமுகமான ஐதாபுக்கு வந்து சேர்கிறான். அங்கிருந்து அண்ணனுக்கு எழுதுகிறான். விவரம் தெரியாமல், கூட்டத்தோடு வராமல் ஒரே ஒரு துணையோடு பாலைவனத்தில் இறங்கிவிட்டோம். ஆனால் சாமானோடு பத்திரமாக வந்துவிட்டோம். ஊர் வாசலில் சுமை இறக்கும்போதே பின்னால் வந்த கூட்டமும் சேர்ந்தது. அவர்கள் கொள்ளையடிக்கப்பட்டு, காயம்பட்டு வந்தார்கள், சிலர் தாகத்தால் செத்திருந்தார்கள். இங்கே சரக்கு எதுவும் வந்திருக்கவில்லை, நீலச்சாயம் தவிர வாங்க ஒன்றுமில்லை. அதனால் கப்பல் ஏறுவது என்று முடிவு செய்துவிட்டேன். இந்தியாவுக்கு.

வீட்டில் சின்னவளுக்கும் அவள் சகோதரிக்கும் தைரியம் சொல்லச் சொல்கிறான். பயமுறுத்தாதீர்கள், மனம் உடைய விடாதீர்கள், நடந்து முடிந்ததற்காகக் கடவுளிடம் அழுவது வீண் பிரார்த்தனை என்று எழுதுகிறான். மேலே பார்த்த அதே மிஷ்னா வரி. பாலைவனத்தில் காப்பாற்றியவர் கடலிலும் காப்பாற்றுவார் என்றும் சொல்கிறான்.

காப்பாற்றவில்லை. இந்தியக் கடலில் மூழ்கிப்போனான். அவனோடு அவன் பணமும், அண்ணன் பணமும், மற்றவர்கள் பணமும். ஒரு விதவையும் ஒரு சின்னப் பெண்ணும் அண்ணன் பொறுப்பில் வந்தார்கள்.

பல வருடம் கழித்து ஆக்கோவில் இருந்த நண்பருக்கு மைமோனிடிஸ் எழுதினார். செய்தி வந்த நாளில் படுத்தவர் ஏறத்தாழ ஒரு வருடம் எழுந்திருக்கவில்லை. கொப்புளம், காய்ச்சல், மனக் குழப்பம். அதற்குப்பின் எட்டு வருடம் ஆகியும் ஆறவில்லை. ‘என் மடியில் வளர்ந்தவன், தம்பி, மாணவன், அவன் சந்தையில் சம்பாதித்தான், நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்’ என்கிறார். அவன் கையெழுத்தையோ ஒரு கடிதத்தையோ பார்த்தால் நெஞ்சு புரண்டுவிடுகிறதாம்.

யூத சட்டத்தையே ஒழுங்குபடுத்தி எழுதியவர், தற்செயலைப் பற்றியும் விதியைப் பற்றியும் யாருக்கும் குறையாமல் யோசித்தவர், ஒரு வருடம் படுத்துவிட்டார். இது நம்பிக்கைக் குறைவு என்று யாரும் அவர்மேல் எழுதவில்லை. தம்பியின் கடிதம், கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்ற வழக்கத்தால், கெய்ரோவின் பழைய யூத ஆலயக் கிடங்கில் பல நூற்றாண்டு கிடந்துவிட்டு, இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அதற்குப்பின் அவர் என்ன செய்தார்?

தம்பியின் சம்பாத்தியம் நின்றதும் வைத்தியம் பிழைப்பானது. 1199இல், பார்க்க வரட்டுமா என்று கேட்ட மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் இப்னு திப்போனுக்குத் தன் நாள் எப்படிப் போகிறது என்று எழுதினார். காலையில் தான் வசித்த ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குப் போக வேண்டும், சுல்தானையும் பிள்ளைகளையும் அந்தப்புரத்தையும் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் பசியோடு திரும்பினால் வீட்டு முன்கூடம் முழுக்க நோயாளிகள்: யூதர், யூதரல்லாதவர், பெரிய மனிதர், சாதாரண ஆள். ஏறிவந்த மிருகத்தை விட்டு இறங்கி, கை கழுவி, கொஞ்சம் பொறுங்கள், ஏதாவது கொறித்துவிட்டு வருகிறேன் என்று அவர்களிடம் கெஞ்சுவார். 24 மணி நேரத்தில் அது ஒரே சாப்பாடு. அப்புறம் இருட்டிய பிறகும் மருந்து எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பார், உட்கார முடியாமல், மல்லாந்து படுத்தபடியே.